வாசலை மறித்த பேராசிரியர்

"படித்தவர்கள் அரசியலுக்கு வந்தால்தான் நாடு உருப்படும்." எங்கள் காரைக்காலில் டீக்கடை முதல் கல்லூரி விடுதி வரை இந்தப் பேச்சைக் கேட்கிறேன். பொறியியல் படிக்கும் தோழர்களே இதை அதிகம் சொல்கிறார்கள். அவர்களுக்காக, நம் கடலுக்கு அக்கரையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

செ. சுந்தரலிங்கம், 1895-இல் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்ஸ்போர்டில் படித்தவர், கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர். 1947-இல் வவுனியாவில் வென்று, டி.எஸ். சேனநாயக்க அரசில் வர்த்தக அமைச்சரானார். மறுவருடமே மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. அதில் அரசோடு முரண்பட்டுப் பதவியை விட்டார். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதலில் பேசியவர்களில் அவரும் ஒருவர். இதுவரைக்கும் நாம் கைதட்டலாம்.

1968-இல், காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் உள்ள மாவிட்டபுரம் கந்தசாமி கோவிலுக்குள் நுழையும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினார்கள். கோவிலில் சாதி சொல்லித் தடுப்பது குற்றம் என்று 1957-லேயே இலங்கையில் சட்டம் இருந்தது. ஆனாலும் அவர்களை மறித்து நின்ற ஆதிக்க சாதிக் கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் இதே பேராசிரியர். அதற்காக அவர்மீது வழக்கும் வந்தது.

சிங்கள அரசின் பாகுபாட்டைக் கண்டவருக்குத் தன் ஊரின் தீண்டாமை தெரியாமல் இருந்திருக்காது. மேலே இருப்பவனிடம் கேட்ட சமத்துவத்தை, கீழே என்று தான் நினைத்தவர்களுக்குத் தர மனம் வரவில்லை. ஆக்ஸ்போர்டு படிப்பு அந்த மனதை மாற்றவில்லை.

அதே காலத்தில், தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் நின்றவர் கே. டானியல். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த தொழிலாளி. பட்டம் எதுவும் இல்லை. அந்தப் போராட்டங்களைத்தான் 'பஞ்சமர்' நாவலாக எழுதினார். 1986-இல் தஞ்சாவூரில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். காரைக்காலிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்பேத்கரைவிடப் படித்த தலைவர் யார்? ஆனால் அவர் படித்ததை எந்தப் பக்கத்துக்குக் கொடுத்தார் என்பதால்தான் அவர் நம் தலைவர். ஆகவே, நாளை ஒரு பேராசிரியர் ஓட்டுக் கேட்டு வந்தால் அவருடைய பட்டங்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்டபோது, தேர் எங்கள் தெருவுக்கு வராமல் திரும்பியபோது, ஐயா எங்கே நின்றீர்கள் என்று கேளுங்கள்.