நடுத்தட்டுக் கடையின் முகம்

பேரங்காடி எந்தத் தட்டைச் சேர்ந்தது என்பதைத் தரைத்தளமே சொல்லிவிடும். வாசனைத் திரவியமும் ஒப்பனைப் பொருளும் கண்ணாடி மேசைகளில் தாராளமாக இடம்விட்டு நின்றால் அது மேல்தட்டு. காலுறையும் உள்ளாடையும் சிவப்பு விலையட்டையோடு தொட்டியில் குவிந்து கிடந்தால் மலிவுக் கடை. நடுத்தட்டுக் கடைக்கு இரண்டும் வேண்டும். ஆகவே கீழே பளபளப்பு, மேல்மாடியில் தொட்டி.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்சுந்தை) தோட்டங்களிலிருந்து தீபாவளித் துணியெடுக்கக் கிள்ளானுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. சேலைக்கும் ஜிப்பாவுக்கும் தெங்கு கிளானா சாலை, பிள்ளைகளின் ஜீன்ஸுக்கும் காலணிக்கும் பேரங்காடி. தொட்டி இருக்கும் மாடிக்கு அவர்கள் நேரே ஏறிவிடுவார்கள்.

பேரங்காடியில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி கடையின் சொந்தச் சரக்கல்ல. சரக்கையும் விற்பனைப் பெண்ணையும் அந்தந்த நிறுவனமே அனுப்பும். விற்றால் கடைக்குத் தரகு. எந்தெந்தப் பெயர்கள் உள்ளே இருக்கின்றனவோ, அதுவே கடையின் மதிப்பு. பெரிய பெயர்களோ பக்கத்து மேசையில் மலிவு அட்டை தொங்கினால் வரத் தயங்கும். விலை எழுதுவதிலும் தட்டு தெரியும்: நடுத்தட்டில் 39.90 வெள்ளி, மேல்தட்டில் சில்லறை ஒட்டாத 400.

பெயரைப் பிரிப்பது ஒரு தந்திரம். 1984இல் மலேசியாவில் தொடங்கிய ஜெயா ஜஸ்கோ 2012இல் ஏயோன் ஆனது. அதே ஆண்டு குழுமம் வாங்கிய கார்ஃபூர் கடைகளுக்கு ஏயோன் பிக் என்ற தனிப் பலகை. மலிவு விற்பனைக்கு அந்தப் பலகை இருந்ததால் தாய்க்கடையின் மினுமினுப்பு கெடவில்லை.

நடுத்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏறுவதுதான் பாடு. கோலாலம்பூரில் லாட் 10 வளாகத்து இசெத்தான், 2016இல் ஜப்பானியப் பொருளுக்கே உரிய கடையாக மாறியது. முதல் போட்ட கூல் ஜப்பான் நிதியம் 2018இல் பங்கை விற்று விலகியது. பார்க்க வந்தவர்கள் உண்டு, வாங்கியவர்கள் போதவில்லை. சிங்கப்பூரில் 1858இல் பிறந்த ராபின்சன்ஸுக்குக் கௌரவம் குறையவே இல்லை. ஆனாலும் கூட்டம் அதன் மலிவு விற்பனைக்கே முண்டியடித்தது. 2020இல் அதுவும் கடையை மூடப்போவதாக அறிவித்தது.

பையும் ஒரு காலத்தில் கடையின் முகத்தின் பகுதி. பேரங்காடிப் பெயர் அச்சிட்ட பை தோட்டத்து லயத்தில் வாரக்கணக்கில் ஆணியில் தொங்கும், பள்ளிக்கும் போகும். 2017இல் சிலாங்கூரில் நெகிழிப் பைக்கு 20 சென் வாங்கத் தொடங்கினார்கள். இப்போது பலர் வீட்டிலிருந்தே பை கொண்டுபோகிறார்கள், அதில் எந்தக் கடையின் பெயரும் இருக்கலாம்.