அபாயமும் இடரும்

மின்மாற்றியின் வேலியில் ‘அபாயம்’ என்ற பலகையைக் கண்டால் விலகிச் செல்கிறோம். பரஸ்பர நிதி விளம்பரங்களிலும் ‘சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை’ என்று அதே சொல் வருகிறது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது பொருத்தமன்று என்பது என் கருத்து.

முன்னது தவிர்க்க வேண்டியது. பின்னது அளந்தறிந்து ஏற்கத்தக்கது. பின்னதை ‘இடர்’ என்பதே தகும். ஒவ்வொரு பரஸ்பர நிதித் திட்டத்தின் இடரையும் ஆறு படிநிலைகளில் காட்ட இடர்மானி இருக்கிறது. வங்கி வைப்பிலும் இடர் அறவே இல்லை எனலாகாது. ஆதலால்தான் ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

இடரை அபாயம் என்றழைத்தால், சேமிப்பவர் முதலீட்டையே அஞ்சி ஒதுங்குவார். கேட்டுக் கேட்டுப் பழகிய அச்சொல்லோ, உண்மையான அபாயம் வரும்போது எச்சரிக்கும் வலிமையை இழந்துவிடும்.

மோசடிக்காரர் நம் அச்சத்தையே கருவியாக்குகிறார். “உங்கள் கணக்கு முடங்கப்போகிறது, ஓடிபி எண்ணை உடனே சொல்லுங்கள்” என்கிறார். அந்த அழைப்பே அபாயம். எந்த வங்கியும் அவ்வெண்ணைக் கேட்பதில்லை. அழைப்பைத் துண்டியுங்கள், பணம் பறிபோயிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

நிதி ஆவணங்கள் இவ்விரு சொற்களையும் பிரித்து வழங்கினால், எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதை வாடிக்கையாளர் தாமே தெளிவார்.