சருகை ஊதித் தள்ளும் முன்…

மாசி பிறந்துவிட்டால் தோப்புகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் சருகு கொட்டத் தொடங்கிவிடும். தேக்கு மொட்டையாகும், வேம்பு பழுத்து உதிரும், மாமரத்தடியில் நடந்தாலே சலசலக்கும். முன்பு இரண்டு பெண்கள் விளக்குமாற்றுடன் ஒரு பகல் பொழுதில் கூட்டி முடித்த வேலைக்கு இன்று ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படி ஆவதில்லை. அதனால்தான் சருகு ஊதும் இயந்திரத்தை, கடைக்காரர் மொழியில் ‘புளோயர்’, விவசாயிகள் விசாரிக்கிறார்கள். “எதை வாங்கலாம் சார்?” என்பது இந்தப் பருவத்தில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி.

என் பதில் ஒரு எதிர்க்கேள்வியாக இருக்கும்: “ஊதிய சருகை என்ன செய்யப் போகிறீர்கள்?”

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாந்தோப்பு. உரிமையாளர் முதுகில் சுமக்கும் பெட்ரோல் இயந்திரம் வாங்கியிருந்தார். இரண்டு ஏக்கர் சருகையும் ஒரே நாளில் மூலைக்குத் தள்ளித் தீ வைத்துவிட்டார். “தரை எப்படிச் சுத்தமா இருக்கு பாருங்க” என்றார் பெருமையாக. சித்திரையில் மறுபடி போனபோது அந்தச் சுத்தமான தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. போன ஆண்டைவிட அடிக்கடி தண்ணீர் கட்ட வேண்டியிருக்கிறது என்றார். இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை. அது சொன்ன வேலையைத்தான் செய்தது.

சருகில் தழைச்சத்து 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே, ஒரு டன் சருகில் 10 கிலோ இருக்கிறது. ஏறக்குறைய அரை மூட்டை யூரியாவில் உள்ள அளவு இது. தீ வைத்தால் தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் புகையாகப் போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது சாம்பல் சத்தும் சுண்ணாம்பும்தான். மண்ணுக்கு உணவாக வேண்டிய கரிமமும் போய்விடும். திறந்தவெளியில் கழிவுகளை எரிப்பதற்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அதனால் முதல் முடிவு: எங்கே சருகு இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது? மரத்தடியில் இருக்கட்டும், தண்டிலிருந்து அரை அடி தள்ளி, நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பினால் அதுதான் மூடாக்கு. மண்ணோடு சேர்த்து உழ வேண்டாம். காய்ந்த சருகு மட்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தைச் சில காலம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை குறைவு. எடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. வீட்டு வாசல், களம், பாம்பு நடமாட்டமுள்ள பாதை, காட்டை ஒட்டிய வேலி ஓரம், கொட்டை பொறுக்கும் முன் முந்திரி மரத்தடி ஆகியவை அவை. நோய் தாக்கி உதிர்ந்த இலைகளையும் அப்புறப்படுத்தி மட்க வைக்க வேண்டும். இப்படிக் கணக்கிட்டால், இரண்டு ஏக்கர் தோப்பிலும் நீங்கள் உண்மையில் ஊத வேண்டிய பரப்பு சில சென்ட்தான் என்பது தெரியவரும்.

வாசலும் களமும் மட்டும்தான் என்றால் மின்சாரத்தில் ஓடும் கைப்பிடி வகை போதும். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. வயர் எட்டாத இடத்துக்கு பேட்டரி வகை. ஆனால் முழு வேகத்தில் ஓட்டினால் அரை மணிக்குள் தீர்ந்துவிடும் பேட்டரிகளே அதிகம் என்பதால், கூடுதல் பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வேலி நெடுகத் தீத்தடுப்புப் பாதை எடுக்க வேண்டிய பெரிய தோப்புக்குத்தான் முதுகில் சுமக்கும் பெட்ரோல் வகை தேவை. அது சுமார் 10 கிலோ எடை. கடையிலேயே மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விளம்பரத்தில் காற்றின் வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஈரச் சருகைக் கிளப்பத்தான் வேகம் வேண்டும். காய்ந்த சருகைப் பரந்த இடத்தில் நகர்த்தக் காற்றின் அளவுதான் முக்கியம். சிஎஃப்எம் என்று குறித்திருக்கும் எண்ணைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, உங்களிடம் முதுகில் சுமக்கும் காற்றுவகை விசைத் தெளிப்பான் இருந்தால், புதிதாக எதுவும் வாங்க வேண்டியிராது. மருந்துத் தொட்டியையும் குழாயையும் நன்றாகக் கழுவி, மருந்துக் குழாயை அடைத்துவிட்டு, காற்றை மட்டும் பயன்படுத்தலாம்.

பெட்ரோல் வகை வாங்குவோர் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, காது. ஓட்டுபவரின் காதருகே இதன் சத்தம் பல இயந்திரங்களில் 95 டெசிபெல்லைத் தாண்டும். 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், 94 டெசிபெல்லில் ஒரு மணி நேரம்தான். காதடைப்பான், கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் கூலி ஆளிடம் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். மற்றொன்று, புகை. பெரிய பெட்ரோல் புளோயரை ஒரு மணி நேரம் ஓட்டினால் வெளிவரும் புகைமூட்ட மாசு, ஒரு புதிய காரை 1,770 கிலோமீட்டர் ஓட்டுவதற்குச் சமம் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா காற்று வள வாரியம் கணக்கிட்டது. அதையொட்டி 2024 தொடங்கி அங்கே புதிய பெட்ரோல் புளோயர் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. தலைநகர் வாஷிங்டனில் 2022 முதலே பயன்படுத்தத் தடை. அங்கே கைவிடப்படுவது இங்கே மலிவு விலையில் குவியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். பருவ வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து வையுங்கள். இல்லையென்றால் அடுத்த மாசியில் இயந்திரம் கிளம்பாது.

வருடத்தில் பத்து நாள் வேலைக்கு ஆளுக்கொரு இயந்திரம் தேவையில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். உழவர் குழுக்களும் வேளாண் பொறியியல் துறையும் இதில் கவனம் செலுத்தினால், ஊதும் இயந்திரத்தோடு சருகைத் தூளாக்கும் இயந்திரத்தையும் வாடகைக்குத் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. தூளான சருகு சாணிக் கரைசல் தெளித்து அடுக்கி, ஈரம் காயாமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் உரமாகிவிடும். ஊதுவதற்கு மட்டும் வசதி செய்து கொடுத்தால், மூலைக்கு மூலை தீ வைக்கத்தான் அது பயன்படும்.

கிருஷ்ணகிரி விவசாயி இந்த ஆண்டு இயந்திரத்தின் வாயை உள்பக்கம் திருப்பியிருக்கிறார். நடைபாதைச் சருகு மரத்தடிக்குப் போகிறது. தீப்பெட்டி அடுப்படியில் இருக்கிறது. இயந்திரம் எது என்பதை உங்கள் பையும் பரப்பும் முடிவு செய்யட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் நீங்கள் முடிவு செய்துவிடுங்கள்.