பாட்டு நடுவுல ஆர்மோனியம் அமுங்குதா? காரணம் சாஃப்ட்வேர் இல்ல!

ஒரு லேப்டாப், ஒரு மைக், மடியில் அடங்குகிற மிடி கீபோர்டு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கானா பாடுகிற பலருக்கு வீட்டின் ஓர் அறையே ஸ்டுடியோ. அதிலும் மரண கானா என்றால் நேரம் ரொம்பக் குறைவு. பதினாறாம் நாள் காரியத்தில் ஒலிக்க வேண்டிய பாட்டை மறுநாள் கொடுத்து என்ன பயன்?

அந்த அவசரத்தில்தான் இரண்டாவது சரணத்தில் ஆர்மோனியம் திடீரென்று அமுங்கும். மிக்சரில் ஃபேடர் அசையவே இல்லை. அதை ஏற்றினால் பல்லவி காதைக் கிழிக்கிறது. சாஃப்ட்வேரையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறவர்களும் உண்டு. பாவம், பாதி ராத்திரி அதிலேயே போய்விடும்.

பெரும்பாலும் கோளாறு ட்ராக்குக்குள்ளேயே இருக்கும். 1983-ல் வந்த மிடி முறையில் பதிவாவது ஒலி அல்ல, கட்டளைகள். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பதோடு 0 முதல் 127 வரையிலான கன்ட்ரோலர் மதிப்புகளும் அதில் அடங்கும். 7-ம் எண் கன்ட்ரோலர் வால்யூமுக்கு, 11 எக்ஸ்பிரஷனுக்கு. பல கீபோர்டுகளின் ஸ்லைடர் 7-ஐத்தான் அனுப்பும். வாசிக்கும்போது அதில் கை உரசினாலே போதும், நோட்டுகளோடு அந்தக் கட்டளையும் பதிவாகிவிடும்.

பியானோ ரோலுக்குக் கீழே கன்ட்ரோலர் 7-ஐத் திறந்தால் கோடு எங்கே சரிகிறது என்று கண்ணுக்கே தெரியும். அதை அழித்தால் மட்டும் போதாது. கருவி கடைசியாக வந்த மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் பாட்டின் தொடக்கத்தில் 100 என்று ஒரு மதிப்பைப் போட வேண்டும். ‘ரீசெட் ஆல் கன்ட்ரோலர்ஸ்’ கட்டளையை நம்ப முடியாது. மிடி பரிந்துரைப்படி அது வால்யூமைத் தொடாது. பாட்டை நடுவிலிருந்து ஓடவிடும்போது மட்டும் சத்தம் மாறினால், ‘சேஸ்’ அமைப்பில் கன்ட்ரோலர்கள் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால்தான் தொடக்கத்தில் போட்ட மதிப்பை சாஃப்ட்வேர் பின்னால் போய் எடுத்து வரும்.

ஆர்மோனியத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நிஜப் பெட்டியில் கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் சத்தம் ஒன்றுதான். ஏற்றி இறக்குவது துருத்தி. சாஃப்ட்வேர் ஆர்மோனியங்களில் சில, கட்டையின் வேகத்தை, அதாவது வெலாசிட்டியை, சத்தமாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு அளவில் கேட்கும். வெலாசிட்டியை ஒரே எண்ணில் நிறுத்திவிட்டு, துருத்தியின் வேலையை 11-ம் எண்ணுக்குக் கொடுத்தால் பெட்டி பெட்டி மாதிரியே பேசும். வயலின் கூட்டம் மாதிரியான கருவிகள் சிலவற்றில் இதே வேலையைச் செய்வது மாடுலேஷன் வீல். அது கீழே இறங்கிக் கிடந்தால் சத்தமே எழும்பாது.

இத்தனையும் சரியாக இருந்து, டோலக் அடி விழும்போது மட்டும் ஆர்மோனியம் பதுங்குகிறதா? மாஸ்டர் ட்ராக்கில் போட்ட லிமிட்டர் மொத்தப் பாட்டையும் சேர்த்து அமுக்குகிறது. அதை அணைத்துவிட்டு ஒருமுறை கேட்டால் தெரிந்துவிடும். குறைக்க வேண்டியது டோலக்கை.