கனடா குளிருக்கு ஊட்டி ஜெர்கின் தாங்குமா?

பிள்ளையை வெளிநாடு அனுப்பும் பெற்றோர் கோட்டை விடுவது எங்கே?

சிங்கப்பெருமாள் கோயில், டிச.–

கனடாவில் ஜனவரி மாத வகுப்புக்குப் போகும் மாணவர்கள் பெட்டி கட்டும் நேரம் இது.

செங்கல்பட்டு–கடற்கரை மின்சார ரெயிலில் ஏறி உட்கார்ந்தால், யாரோ ஒருவர் வீட்டுப் பையன் கதை காதில் விழும். "எவ்ளோ லோன்?" என்பது முதல் கேள்வி. "அங்க ரொம்பக் குளிராமே, துணியெல்லாம் எடுத்தாச்சா?" என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரியும். இரண்டாவதில்தான் ஏமாறுகிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு வெளிநாடு புதிதல்ல. பரனூர் மகிந்திரா சிட்டியில் 2007-ல் பி.எம்.டபிள்யூ. கார் தொழிற்சாலை வந்தது. ஒரகடத்தில் 2012-ல் டைம்லர் லாரி தொழிற்சாலை வந்தது. ஒரகடம் ரோடு பிரிவதே சிங்கப்பெருமாள் கோயிலில்தான். அப்பா தினமும் பார்க்கிற ஜெர்மன் பெயர்ப்பலகையைப் பார்த்தே பிள்ளைக்கும் ஆசை வருகிறது.

ஆனால் குளிர் புதிது. சென்னை நுங்கம்பாக்கத்தில் நூறு ஆண்டுக்கு மேலாக வெப்பத்தைக் குறித்து வருகிறார்கள். அங்கே வெப்பம் ரொம்பவும் இறங்கியதே சுமார் 14 டிகிரிதான். கனடாவில் வின்னிபெக் நகரில் ஜனவரி இரவு மைனஸ் 20 என்பது சாதாரணம்.

எந்த ஊர்? அதைச் சொல்லுங்கள்!

"பையன் ஃபாரின் போறான், நல்ல தடியா ஒண்ணு குடுப்பா" என்று கடையில் கேட்கிறார்கள். கடைக்காரர் இருப்பதிலேயே தடியான ஜெர்கினை எடுத்துப் போடுகிறார். தவறு அங்கேயே ஆரம்பம்.

லண்டன் குளிர் வேறு, வின்னிபெக் குளிர் வேறு. லண்டனில் ஜனவரி மாதச் சராசரி 5 டிகிரி அளவு. பெர்லினில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். இந்த ஊர்களில் தொல்லை கொடுப்பது தூறலும் ஈரக்காற்றும். பஞ்சு மூட்டை மாதிரி ஜெர்கின் போட்டுப் போனால் மழையில் ஊறிக் கனக்கும். அங்கே வேண்டியது தண்ணீர் புகாத மேல்கோட்டு. உள்ளே ஒரு கம்பளி ஸ்வெட்டர் போதும்.

வின்னிபெக், எட்மண்டன் பக்கம் போகிறவர்களுக்குத்தான் தொடை வரை இறங்கும் கனத்த கோட்டு வேண்டும். டொரண்டோ இரண்டுக்கும் நடுவில்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 20 மாதிரி. அந்தக் கணக்கு மைனஸ் 28-ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துவிடலாம் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. நம் ஊரில் பஸ்சுக்கு நிற்கிற நேரம் அது!

போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து 'நெவாசா' கப்பல் புறப்பட்டது. அதில் போனவர் போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா, கணித மேதை சீனிவாச ராமானுஜன். வயது 26.

கேம்பிரிட்ஜ் போன பிறகு ராத்திரியில் குளிரில் நடுங்கினார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தார். அப்படியும் குளிர் விடவில்லை.

அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் அவரைப் பார்க்க வந்தார். (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் இவரே.) கட்டிலைப் பார்த்தால், கம்பளிகள் அத்தனையும் மடிப்புக் கலையாமல் கிடந்தன. ராமானுஜன் அவற்றின் மேலேயே படுத்து வந்திருக்கிறார்! விரிப்பை விலக்கிக் கம்பளிக்கு அடியில் நுழைய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

துணி இருந்தது. அதை உபயோகிக்கும் விதம் தெரியவில்லை. இன்றைக்குக் கையில் செல்போனோடு போகும் பையன்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பனியன் ஆகாது!

துணி தானாகச் சூடு தராது. உடம்புச் சூட்டை, நூலுக்கும் நூலுக்கும் இடையே நிற்கும் காற்று பிடித்து வைக்கிறது. அதனால்தான் தடியான ஒரு துணியைவிட மெல்லிய மூன்று துணிகள் மேல்.

உள்ளே போடுவது வியர்வையை உறிஞ்சித் தேக்கக் கூடாது. திருப்பூர் பருத்தி பனியன் இங்கே தங்கம். அங்கே எதிரி. நடையில் வியர்த்து பனியன் நனைந்தால் லேசில் காயாது, உடம்போடு ஒட்டிச் சில்லிடும். கம்பளியிலோ பாலியஸ்டரிலோ செய்த 'தெர்மல்' உள்ளாடை வேண்டும். ஜீன்ஸ் பேண்ட்டும் பருத்திதான். பனியில் நனைந்தால் தொடை விறைக்கும்.

நடுவில் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ் துணி. எல்லாவற்றுக்கும் மேலே, காற்றும் தண்ணீரும் புகாத கோட்டு. எதுவும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினால் உள்ளே காற்று நிற்க இடமில்லை.

இன்னொரு விஷயம். அங்கே வகுப்பறைக்கு உள்ளே 20 டிகிரிக்கு மேல் சூடேற்றி வைத்திருப்பார்கள். உள்ளே போனதும் கழற்ற வேண்டும், வெளியே வரும்போது மாட்ட வேண்டும். "ராசா, எல்லாத்தையும் போட்டுக்கிட்டே இருடா" என்று அம்மா சொன்னதைக் கேட்டால், பையன் வகுப்பில் வியர்த்துக் கொட்டி, அந்த ஈரத்தோடு பனியில் இறங்குவான்.

கடையில் ஒரு சோதனை

கார்த்திகை, மார்கழி வந்தால் சென்னையில் திபெத்தியர்கள் ஸ்வெட்டர் கடை போடுவார்கள். லூதியானா சரக்கும் வரும். நடுவில் போடும் ஸ்வெட்டருக்கு அவை தாராளமாகப் போதும், விலையும் கையைக் கடிக்காது. ஊட்டியில் வாங்கும் ஜெர்கினும் ஊட்டிக்கு நல்லதுதான்.

'மைனஸ் 20 தாங்கும்' என்று அட்டை தொங்கும் கோட்டுகளில்தான் உஷார் வேண்டும். அந்த எண்ணை எங்கே, எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

துணியில் வாயை வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் போனால் காற்றும் போகும். நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு ஓடினால் சரி, ஊறினால் வைத்துவிடுங்கள். இதற்குக் கோபிக்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

கோட்டையும் பூட்சையும் அங்கே போய் வாங்குவதே புத்திசாலித்தனம். பழைய துணிக் கடைகளில் நல்ல கோட்டு பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும். டிசம்பர் 26-ந்தேதி கனடாவில் பெரிய தள்ளுபடி விற்பனை உண்டு. சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்குக் குளிர் உடுப்பை இனாமாகவே கொடுக்கின்றன. ஒரு கனடா டாலர் 60 ரூபாய்க்கு மேல் என்று பயந்து, உதவாத கோட்டுக்கு இங்கே பத்தாயிரம் அழுவது லாபமா?

கையில் பணம் கணக்காகத்தான் இருக்கும். ஜெர்மனி விசாவுக்கு வங்கியில் முடக்கி வைக்கச் சொல்வது 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, துணி எல்லாம் அதற்குள். வங்கிக் கடனோடு கோட்டுக் கடனும் சேர வேண்டாம்.

காலைப் பலரும் மறக்கிறார்கள். இங்கே அலுவலகத்துக்குப் போடும் தோல் ஷூ பனிக்கட்டியில் வழுக்கும். பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு, தோலை அரித்துவிடும். பூட்ஸ் உள்ளே விரல் அசைய இடம் வேண்டும். இரண்டு சாக்சைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும். மங்கி குல்லாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், முதலில் விறைப்பது காதும் மூக்கும்தான்.

உயிர் போகும் விஷயம்

2022 ஜனவரியில் கனடா–அமெரிக்க எல்லையில் குஜராத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் பனியில் உறைந்து இறந்தது. கணவன், மனைவி, 11 வயதுச் சிறுமி, 3 வயதுக் குழந்தை. ஆள் கடத்தும் கும்பல் அவர்களை அந்த இரவில் வயல்வெளியில் நடக்கவிட்டது.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த 18 வயது இந்திய வம்சாவளி மாணவர், இரவில் வெளியே நின்றவர், காலையில் பிணமாகக் கிடந்தார். உடம்புச் சூடு இறங்கியதே காரணம், மதுவும் அதற்குத் துணை போனது என்று பரிசோதனையில் தெரிந்தது. "ஒரு பெக் போட்டா சூடாயிடும்" என்பது நம் ஊரிலும் சொல்வதுதான். தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடு போலத் தெரியும். உள்ளே இருக்கும் சூடு அதே வழியில் வெளியே ஓடிவிடும்.

நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் 'பழகிவிட்டது' என்று இருந்துவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஜனவரியில் போகிறவர்கள் அங்கே கடை தேட நேரம் இருக்காது. விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் குளிர்தான். ஆகவே அவர்கள் மட்டும் இங்கேயே ஒரு கோட்டு வாங்கிவிட வேண்டும், சுமாரானது போதும். குல்லா, கையுறை, பூட்சோடு அதைக் கைப்பையில் வைப்பதா, பெட்டியில் வைப்பதா? கைப்பையில்தான். பெட்டி வேறு விமானத்தில் மறுநாள் வந்து சேருவது நடக்காத காரியம் அல்ல.