செஞ்சாறும் இரத்தசோகையும்

சென்ற விடுமுறையில் வெம்பக்கோட்டையிலுள்ள என் அத்தையார் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர்கள் இருபதாண்டுகளுக்கு மேலாகப் பட்டாசுத் தொழிலில் உழைத்து வருபவர்கள். இரத்தசோகையெனக் கண்டு மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரைகள் கொடுத்திருந்தார். பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 8.2 கிராம் என்றிருந்தது. மாத்திரைகளோ அலமாரியில் அப்படியே கிடந்தன. காரணம் வினவினேன். “அதைத் தின்றால் மலம் கறுத்துப் போகிறதப்பா. பீட்ரூட் சாறு குடித்தால் ஏழே நாளில் 7 என்பது 12 ஆகுமாம், இதோ நீயே பார்” என்று கைப்பேசியை நீட்டினார்கள்.

பார்த்தேன். வெண்ணிற அங்கி அணிந்த ஒருவர் இனிய தமிழில், சிரித்த முகத்துடன் பேசினார். அவர் பெயரோ, கற்ற கல்வியோ, கூற்றுக்கு ஆதாரமோ அதில் இல்லை. எனினும் அவர் கூறியது முழுப்பொய்யுமன்று. அதுவே இத்தகைய செய்திகளின் அபாயம் என்பது என் கருத்து. முழுப்பொய்யை நம் மக்கள் எளிதிற் கண்டுகொள்வர். பாதி மெய்யோ வீட்டிற்குள் புகுந்து மாத்திரையை அலமாரியில் ஏற்றிவிடுகிறது.

பீட்ரூட்டில் இரும்பு உண்டு, ஆனால் எவ்வளவு? 100 கிராமில் ஏறத்தாழ 0.8 மில்லிகிராம். அரசினர் வழங்கும் மாத்திரையொன்றில் இருப்பது 60 மில்லிகிராம். அதற்கு ஈடுசெய்ய ஏழரைக் கிலோ பீட்ரூட்டை ஒரு நாளில் உண்ண வேண்டும்! மாதுளையில் இரும்பு இன்னும் குறைவு. நம் கரிசல் நிலத்துக் கம்போ 100 கிராமில் சுமார் 6 மில்லிகிராம் தருவது. கம்பு சிவப்பாயிராமையால் அதனைப் புகழ்வாரில்லை போலும். சிவந்தது குருதியாகும் என்பது நிறத்தைக் கண்டு செய்த அனுமானமேயன்றி வேறன்று. மத்தாப்பின் செந்நிறம் ஸ்ட்ரான்ஷியம் உப்பினால் வருவதென்பதை நம் வட்டாரத்தில் அறியாதார் யார்? நிறம் வேறு, சரக்கு வேறு.

இனி, ஏழு நாளில் ஐந்து கிராம் உயரும் என்னும் கணக்கு. முறைப்படி மாத்திரை உண்பவர்க்கே இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஏறத்தாழ ஒரு கிராம் உயர்வதே நல்ல பலனாகக் கருதப்படுகிறது. மருத்துவமனையில் ஒரு பை இரத்தம் ஏற்றினாலும் உயர்வது ஏறக்குறைய ஒரு கிராமே. ஆகவே அக்காணொளிக்காரர் ஒரு வாரத்தில் ஐந்து பை இரத்தத்திற்கு நிகரானதைச் சாற்றினால் அளிப்பதாக வாக்களிக்கிறார். இதனைக் கண்டறிய வைத்தியக் கல்வி வேண்டுவதில்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டலும் வகுத்தலும் போதும்.

இதனினும் பெரிய பிழை மற்றொன்று உண்டு. இரத்தசோகை ஒரே நோய் என்றெண்ணுவதே அது. 1928ஆம் ஆண்டில் இந்தியா போந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணியார், பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களைப் பீடித்த கொடிய சோகையொன்றை ஆராய்ந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும் பணிபுரிந்தார். அச்சோகை ஈஸ்ட் சாற்றினால் குணமடைவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இரும்பினால் தீராத சோகை இவ்வாறு உண்டு. பிறவிக்குறையாகிய தலசீமியாவில் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்க்கோ உடலில் இரும்பு மிகுந்து கேடு விளைகிறது. “இரத்தசோகைக்கு இது மருந்து” என்னும் செய்தி எதுவாயினும், எந்தச் சோகைக்கு என்று கேளாமல் ஏற்றல் தகாது.

கற்றோர் கூற்றாயின் ஆராயாது கொள்ளலாமோ? பசலைக்கீரையின் இரும்பளவைப் பழைய அறிஞரொருவர் தசமப்புள்ளி பிறழ எழுதியதால் பத்து மடங்காகக் காட்டப்பட்டது என்னும் கதை புகழ்பெற்றது. 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் இரத்தநோய் வல்லுநர் ஹாம்ப்ளின் அதனை எழுதினார். 2010இல் மைக் சட்டன் என்பவர் மூலங்களைத் தேடிச் சென்றபோது அத்தசமப்புள்ளிக் கதைக்கே சான்று கிடைக்கவில்லை. பிறர் பிழையைத் திருத்த வந்த கதையே சான்றின்றி உலவிற்று! வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்வைக் கண்டோர் அறிவர்: சங்கு வளையல் துண்டொன்று எக்குழியில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்ததென்று குறித்த பின்னரே அதற்கு மதிப்பு. செய்திக்கும் அவ்வாறே பிறப்பிடம் வேண்டும், ஆண்டும் வேண்டும். உலக சுகாதார நிறுவனமே 2024இல் கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களுக்கு ஹீமோகுளோபின் எல்லையை 11லிருந்து 10.5 கிராமாகத் திருத்தியமைத்தது. பழைய பக்கத்தைப் படிப்பவர் இதனை எங்ஙனம் அறிவார்? பேச்சின் முடிவில் ஏதேனும் பொடியோ தைலமோ விற்கப்படுமாயின், அதையும் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.

அத்தையாரிடம் இவையெல்லாம் கூறவில்லை. மாத்திரை உண்பதால் மலம் கறுப்பது இயல்பென்றும், மாத்திரை உண்ணாதவர்க்குத் தாரைப்போற் கறுத்துச் செல்லுமாயின் அதுவே உள்ளே இரத்தக் கசிவின் அறிகுறியாகலாமென்றும் மட்டும் சொன்னேன். மறுவாரம் பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலிற் கேட்டது, “உண்பது என்ன?” என்பதன்று, “இரத்தம் எங்கே போகிறது?” என்பதே. மாதவிலக்கில் மிகுந்த போக்கு இரண்டாண்டுகளாக இருந்ததை அத்தையார் அப்பொழுதுதான் வாய்திறந்து கூறினார்கள். காணொளி எதுவும் அக்கேள்வியைக் கேட்டதில்லை.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தசோகையுடையோர். இவர்களுக்குரிய மெய்ச்செய்தியிற் பெரும்பகுதி ஆங்கிலத்திலோ, எவரும் பேசாத கடுந்தமிழிலோ கிடக்கிறது. பொய்யோ தாய்மொழியில் இனிக்கப் பேசுகிறது. இக்குறைக்கு நாமும் பொறுப்பாளிகள். (இக்கட்டுரையின் நடையும் அத்தையார்க்கு விளங்காதென்பதை ஒப்புக்கொள்கிறேன்.) நம் கலாசாலையில் இரசாயனமும் உயிர்நூலும் பயிலும் மாணவர், ஆண்டுக்குச் சில காணொளிகளையேனும், மூலமும் ஆண்டும் குறித்து, மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, சிவகாசிப் பக்கத்துப் பேச்சுத் தமிழில் இயற்றலாகாதா? முதலாவது, மாத்திரை உண்டால் மலம் ஏன் கறுக்கிறது என்பதாயிருக்கட்டும். படம்பிடிக்க வெம்பக்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணை கிடைக்கும். அத்தையாரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.