அளவறிந்து அச்சிடுவோம்

நிழற்படக் கோப்பு பெரிதானால் அச்சும் சிறக்கும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது முழுமையான உண்மையன்று.

ஏ4 பக்கத்தை நிரப்பும் வண்ணப்படத்திற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். நான்கு வண்ண அச்சுக்கான அக்கோப்பு, சுருக்காத நிலையில், ஏறத்தாழ 35 மெகாபைட். 600 புள்ளிகளாக்கினாலோ சுமை நான்மடங்காகும், கணினி திணறும், காண்போர் கண்ணுக்கோ வேறுபாடு புலப்படுவது அரிது.

எனவே, அச்சில் இடம்பெறும் அளவை முதலில் உறுதிசெய்வோம். பக்க அமைப்பின்போது சிறு மாதிரிப்படத்தை வைத்து, அச்சுக்கு அனுப்புகையில் முழுப்படத்தை இணைப்போம்.

ஆயின், முன்னோரின் மங்கிவரும் பழம்படங்களை ஸ்கேன் செய்கையில் சிக்கனம் கூடாது. உயர்ந்த நுணுக்கத்தில் எடுத்த மூலக்கோப்பைத் தொடாமல் காத்து, அதன் படியில் மட்டுமே திருத்துவோம். அச்சுப்படி இவ்வாண்டு மலருக்கு. மூலக்கோப்போ வருங்காலத் தலைமுறைக்கு.